வெள்ளையம்மா இருக்கும் வீடு

கரடியூரில் பஸ் நின்றதும் பெருமாள் கடைசி ஆளாக இறங்கினார். சிறை நல அலுவலராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மேட்டை ஓட்டமும் நடையுமாக ஏறியவர். இப்போது மூட்டு வலி, ஓய்வு பெறும் வயது. உங்கள் ஆளை முன்கூட்டியே விட்டால் ஏற்றுக்கொள்வீர்களா என்று எத்தனையோ வாசல்களில் கேட்டாயிற்று. அழுதிருக்கிறார்கள், நாயை ஏவிவிட்டிருக்கிறார்கள். பதில் எதுவானாலும் சீக்கிரம் வந்தால் போதும் என்றாகிவிட்டது.

இன்றைக்குக் குழந்தைவேலின் குடும்பம். வரப்புத் தகராறில் கூடப்பிறந்த தம்பியை வெட்டிவிட்டு ஆயுள் தண்டனையில் இருப்பவன். சிறையில் தறி நெய்கிறான். அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

அவன் மனைவி அத்தாயி காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். கூடவே இன்னொருத்தி. பறித்ததை இருவரும் ஒரே சாக்கில் போட்டார்கள்.

"இவ வெள்ளையம்மாங்க. செத்துப்போன தம்பி பொண்டாட்டி" என்றாள் அத்தாயி.

இவள் முன்னால் எப்படிக் கேட்பது என்று பெருமாள் தயங்கினார். கடைசியில் கேட்டுவிட்டார். வெள்ளையம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"வரச் சொல்லுங்க சார். அக்கா இன்னும் எத்தன நாளைக்கு ஒண்டியா கெடப்பா? நா எங்கம்மா ஊட்டுக்குப் போயிக்கறனுங்க."

சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். அவள் மறையும்வரை அத்தாயி பழம் பறித்தாள்.

"அம்மா ஊடாம். அவங்கம்மா செத்தே நொம்ப வருசமாச்சுங்க. கேசு முடிஞ்சு நா திரும்பி வந்தப்ப, எம் பொறந்தவங்ககூட எட்டிப் பாக்கல. இவதான் வந்து அடுப்பு பத்த வெச்சா." முந்தானையில் கையைத் துடைத்தாள். "வேண்டாங்க சார். அவரு வந்தா இவ போயிருவா."

"அவன் வேற எங்கம்மா போவான்?"

"எனக்கும் அதாங்க தெரியல."

மறுநாள் பெருமாள் தறிக்கூடத்துக்குப் போனார். இப்படிப்பட்ட பதிலை வழக்கமாக மழுப்பிச் சொல்வார். யோசிக்கிறார்கள், அடுத்த தடவை பார்ப்போம் என்று. அன்று மழுப்பவும் தெம்பில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார்.

குழந்தைவேல் தறியின் பாவு நூலை விரலால் நீவிவிட்டான்.

"ரெண்டு பேரும் ஒரே ஊட்லயாங்க இருக்கறாங்க?"

"ஆமாப்பா."

"ஒண்ணா ஒக்காந்து சோறு திங்கறாங்களா?"

அதை அவர் பார்த்திருக்கவில்லை. "ஆமா" என்றார்.

 அவன் தறியில் ஏறி உட்கார்ந்து குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எடுத்தான். சுற்றிலும் மற்றத் தறிகள் இரைந்துகொண்டிருந்தன. அவன் கால் தறியின் மிதிக்கட்டைமேல் இருந்தது, அழுத்தாமல்.