முதல் விலை

மார்கழிச் சனிக்கிழமை காலை வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீஹரிக்கு, தண்ணீருக்கு முன்னால் வாளி சூடாகிவிட்டது வாசனையில்தான் தெரிந்தது. ராடு ஒருபக்கமாகச் சாய்ந்து பிளாஸ்டிக்கை உருக்கிக்கொண்டிருந்தது. பதறிப்போய் சுவிட்சைத் தட்டுவதற்குள் ஃபியூஸ் போய் வீடு முழுக்கக் கரண்ட் நின்றது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. அப்பா பாலசுப்பிரமணியனும் அம்மா ஜானகியும் ஆறரைக்கே கடைக்குப் போய்விட்டார்கள். செஞ்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்குப் பொங்கலுக்கு முந்தைய மூன்று வாரம்தான் வருஷம். மீதி நாளெல்லாம் அந்த மூன்று வாரத்தை நினைத்துக்கொண்டு ஈ ஓட்டுவது.

பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே ஸ்வெட்டரை மாட்டினான். போன வருஷத்து ஸ்வெட்டர். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

சென்னையில் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் அவன். திங்கள்கிழமை பத்து மணிக்குத் தகப்பனோடு வந்து நிற்காவிட்டால் பரீட்சை கிடையாது, வருஷம் போனதுதான் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். வகுப்புக்குப் போன நாளைவிடப் போகாத நாள் அதிகம். குடி கிடையாது, காதல் கிடையாது, பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு கெட்ட பழக்கம்கூடக் கிடையாது. காலையில் ஹாஸ்டல் கட்டிலில் விழித்து, மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருப்பான். திரும்பிப் பார்த்தால் மதியமாகியிருக்கும். ஏன்டா எழுந்திருக்கல என்று யாரும் கேட்டதில்லை. 

இதைச் சொல்லத்தான் வெள்ளி ராத்திரி பஸ் ஏறி வந்தான். அப்பா "சாப்டியா?" என்றார். "சாப்டேன்" என்றான். அத்தோடு பேச்சு தீர்ந்தது. அவர் அசதியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

சனிக்கிழமை ஷட்டில் ஆட வருவதாகச் சொல்லியிருந்த தினேஷ்குமார் பத்து மணிக்குப் போன் செய்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது ஓசூரில் வேலை. "மச்சான், ஓவர்டைம் போட்டுட்டாங்கடா. அடுத்த வாட்டி கண்டிப்பா" என்றான். அடுத்த வாட்டி என்பது கடைக்காரன் சொல்லும் 'நாளைக்குச் சரக்கு வந்துடும்' மாதிரி, ஸ்ரீஹரிக்குத் தெரியாததா. எடுத்து வைத்திருந்த ராக்கெட்டைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு ராஜகிரிக் கோட்டைக்குத் தனியாக ஏறினான். பாதிப் படியில் ஒரு குரங்கு அவன் கையிலிருந்த பன்னைப் பிடுங்கி, பிரித்துப் பார்த்து, ஜாம் இல்லாததற்கு அவனையே முறைத்தது. உச்சியில் ஒரு குடும்பம் போனை நீட்டி, "தம்பி, ஒரே ஒரு போட்டோ" என்றது. பதினான்கு எடுத்துக் கொடுத்தான். பாட்டி கண்ணை மூடிவிட்டாள் என்று பதினைந்தாவதும் எடுத்தான். அவர்கள் போன பிறகு, தன்னை ஒன்று எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, யாருக்கு அனுப்புவது என்று தோன்றியதில் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

சனி ராத்திரியும் அப்பா அசதியில் வந்ததும் படுத்துவிட்டதால், ஞாயிறு மதியம் வேறு வழியில்லாமல் கடைக்கே போனான். சாயங்காலம் அஞ்சரைக்குப் பஸ்.

கடையில் சிங்கவரத்து வள்ளியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மகளுக்குத் தலைப்பொங்கல் சீர் வைக்க வெண்கலப் பானை வேண்டும். அப்பா அவளுக்கு டீ சொல்லியிருந்தார். "முட்டி வலி இப்ப எப்டி இருக்குது? அந்தத் தைலம் கேட்டுதா? மருமகப்புள்ள துபாயிலேர்ந்து வந்துட்டாரா?" ஒவ்வொரு கேள்விக்கும் பதிலைக் காத்திருந்து வாங்கிக்கொண்டார். பானையின் விலையை இன்னும் யாரும் வாயில் எடுக்கவில்லை. ஸ்ரீஹரிக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும் போலிருந்தது.

வள்ளியம்மாள் டீயைக் குடிக்கத் தொடங்கிய நேரத்தில் அப்பா பக்கமாகச் சாய்ந்தான்.

"நைனா, நாளைக்கு நீ எங்கூட காலேஜுக்கு வரணும். வரலைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க. வருஷமே போயிடும்."

பாலசுப்பிரமணியன் சிரித்தார். சரக்கின் முதல் விலையைக் கேட்டதும் வியாபாரி சிரிக்கிற சிரிப்பு அது.

"போன் உடைஞ்சுதா?"

"இல்ல நைனா."

"அப்ப பைக்கு."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"எல்லாரும் நெஜம்னுதாண்டா ஆரம்பிக்கிறாங்க. இறங்கி வா."

தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. ப்ளஸ் டூவில் கணக்கில் ஃபெயில் ஆகிவிடுவேன் என்று அழுகுரலில் ஆரம்பித்து, அவர் முகம் வெளுத்ததும் மெல்ல இறங்கி, ஒரு புதுப் போனில் பேரத்தை முடித்தவன் இவன்தான். மார்க் வந்தபோது தொண்ணூற்றிரண்டு. அவர் கோபப்படவில்லை. பஜார் முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்: எம்புள்ள பொழைச்சுக்குவான்யா.

"ஏம்மா, பாத்தியா," என்றார் இப்போதும், வள்ளியம்மாளிடம். "எங்கிட்டயே வெல பேசறான்."

ஸ்ரீஹரிக்கு இறங்கி வருவதற்குக் கீழே படி எதுவும் இல்லை. ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றான். ஜானகி கல்லாவிலிருந்து, வியாபார நேரத்தில் வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள்.

வள்ளியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். எத்தனையோ கடை ஏறி இறங்கியவள். எதிராளி முகத்தைப் பார்க்காமல் ஒரு கத்தரிக்காய்கூட வாங்க மாட்டாள்.

"வெல பேசறவன் இப்டியா நிப்பான்? நான் இன்னும் உன் பானைக்கு வெலயே கேக்கல மொதலாளி, என்னைப் பாரு, எவ்ளோ தெம்பா உக்காந்திருக்கேன்," என்றாள். "நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிட்டு வர்றேன்."

பேரம் தொடங்காத வாடிக்கை வாசலைத் தாண்டினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்பது பஜாரில் எல்லாருக்கும் தெரியும். பாலசுப்பிரமணியன் இருபத்தாறு வருஷத்தில் சீசன் நேரத்தில் ஒருத்தரை அப்படி விட்டதில்லை. அவள் படி இறங்குவதை அவர் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொக்கியை எடுத்து, ஷட்டரைப் பாதிவரை இழுத்துவிட்டார்.

"இன்னாங்க, மணி ஒண்ணுதான் ஆவுது," என்றாள் ஜானகி.

அவர் வள்ளியம்மாள் உட்கார்ந்திருந்த ஸ்டூலை நகர்த்திப் போட்டார். "உக்காருப்பா."

உட்கார்ந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கட்டிலிலிருந்தா, மின்விசிறியிலிருந்தா. அவர் அவசரப்படுத்தவில்லை. ஷட்டருக்குக் கீழே வெயிலில் கால்கள் மட்டும் தெரிந்தன: மெட்டி போட்ட ஒரு ஜோடி, சேறு காய்ந்த ரப்பர் செருப்பு, ஒரு குழந்தையின் ஷூ. கொஞ்ச நேரம் நின்றன. பிறகு மெட்டிக் கால்கள் திரும்பிப் போயின. அந்த இடத்தில் வேறு இரண்டு கால்கள் வந்து நின்றன.