உதடு படித்தவன்

பூட்டை உடைத்தால் சத்தம் கேட்கும். என் பூட்டு திறந்தபோது மட்டும் ஏன் ஒரு சத்தமும் கேட்கவில்லை? நான் அங்கேதானே இருந்தேன். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எதிரே தம்பி பழத்தோலை உரித்துக்கொண்டிருந்தான்.

தம்பியின் வக்கீல் இரண்டாம் முறை கேட்டபோதுதான் அவள் இந்த நினைப்பிலிருந்து நிமிர்ந்தாள். மேஜையில் ஒற்றைத் தாள், மேலே பேனா. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பெஞ்சில் தம்பி. அவள் சங்கடமில்லாமல் பேசட்டும் என்று வக்கீல்தான் அவனை வெளியே உட்காரவைத்திருந்தார்.

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'இரண்டாம் கண்' என்று பெயர். ஒருத்தர் தட்டில் முளைத்த கிருமிப் புள்ளிகளை எண்ணிக் கணினியில் பதிவார். அவள் தன் கடவுச்சொல்லைப் போட்டு ஒப்புக்கொண்டால்தான் முடிவு வெளியே போகும். வேலை மிஞ்சினால் மாலையில் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்தே ஒப்புக்கொள்வாள். சூட்டுப்பெட்டியில் ஒரு நாள் உறங்கிய தட்டுகளில் அந்தப் புள்ளிகள் விடியற்கால நட்சத்திரங்கள் போல எழும்பியிருக்கும். விஷம் என்று தெரிந்தும் அந்த அழகை அவள் நின்று பார்ப்பதுண்டு.

பார்த்துவிட்ட தட்டையும் மூன்று நாள் வைத்திருந்துதான் எறிய வேண்டும் என்பது கூடத்து வழக்கம். அப்படி எறியப்போன ஒரு தட்டில் நாற்பத்தேழு புள்ளிகள் இருந்தன. கணினியில் பூஜ்யம். எண்ணைத் திருத்தி ஒப்புக்கொண்டிருந்தது அவள் பெயர். அவளே புகார் எழுதிக்கொடுத்தாள். போலீஸ் தடம் பிடித்துப் போய் நின்றது தம்பி வீட்டு வாசலில். அந்தத் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பிய புட்டி நிறுவனத்தில் அவன் மேற்பார்வையாளன். அந்தத் தண்ணீரைக் கொட்டியிருந்தால் அவன் வேலையும் சேர்ந்து கொட்டியிருக்கும். அதற்குள் இரண்டு லாரி கிளம்பிவிட்டது. எட்டுப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கடவுச்சொல் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று போலீஸ் மண்டையை உடைத்துக்கொண்டது. அவளுக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. எதை எழுதினாலும் அவளுக்கு உதடு அசையும். சின்ன வயதில், அப்பா தூங்கும் மதியங்களில் மூச்சுக் காட்டக்கூடாது; அக்காவும் தம்பியும் அறையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து உதட்டாலேயே பேசிக்கொள்வார்கள். சண்டைகூட அப்படித்தான். "அக்கா மனசுல பூட்டி வெச்சாலும் அவ உதடு தண்டோரா போட்டுடும்" என்று அவன் வளர்ந்த பிறகும் கேலி செய்வான்.

அந்தச் சொல் ஒரு பெயர். ஆறு வருடம் முன்பு வயிற்றிலேயே நின்றுபோன பிள்ளைக்கு அவள் வைத்திருந்த பெயர். கணவனிடம்கூடச் சொன்னதில்லை; வயிற்றைத் தடவி உதட்டால் மட்டும் கூப்பிட்டிருக்கிறாள். தினமும் ஒரு தடவை விரலால் கூப்பிடுவாள், திரை திறக்கும். அந்த ஒரு நொடிக்காகவே வேலைக்குப் போகிறோமோ என்று சில நாள் தோன்றும். புகாருக்குப் பிறகு அதை மாற்றச் சொல்லிவிட்டார்கள். இப்போது எண்களும் குறிகளும்தான். உதடு சும்மா கிடக்கிறது.

தாளில் ஒரே வரிதான்: கடவுச்சொல்லைத் தம்பிக்கு நானே கொடுத்தேன். வக்கீல் பொறுமையாக விளக்கினார். அனுமதியோடு போனால் அது நுழைவு, இல்லாமல் போனால் குற்றம். வழக்கு முழுக்க அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. கணக்கை மாற்றியதை அலுவலகத் தவறு என்று பிறகு வாதாடிக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டால் அவளுக்கு வேலை போகும், ஜெயில் வராது. போடாவிட்டால் அவனுக்கு மூன்று வருடம் ஜெயில்.

"பொய் சொல்லச் சொல்லலம்மா. அவர் உதடு படிப்பார்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அவர் எதிர்லதானே உட்கார்ந்தீங்க? அப்புறம் அது குடுத்த மாதிரிதானே?"

காலையில் அம்மாவும் போனில் அழுதிருந்தாள், தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று. ஆடாமலா? இந்த உதட்டுச் சதை ஆடியதுதானே எல்லா வினையும், என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். வேலைதானே, போனால் போகட்டும். அவனை நடக்கப் பழக்கிய கை இது.

அவள் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். அவனும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், பழைய மதியங்களைப் போல. அறை நீருக்குள் இறங்கியது போல அமைதியானது. சத்தமில்லாமல் கேட்டாள்:

"அது யார் பேருன்னு தெரியுமாடா?"

அவன் உதடு பிரிந்தது.

"தெரியும்க்கா. முத நாளே."

தெரியாது என்று சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாளோ என்னவோ. வெறும் எழுத்துகள் என்று நினைத்து எடுத்தவனை மன்னித்திருக்கலாம். இவன் தெரிந்தே அந்தப் பிள்ளையைத் தூக்கிப்போய்க் கதவைத் தட்டவைத்திருக்கிறான். அந்தக் கதவு வழியாகத்தான் இரண்டு லாரியும் வெளியே போயிருக்கின்றன.

"என்னம்மா யோசனை?" என்றார் வக்கீல்.

அவள் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். தாளின் மேல், எங்கிருந்து எடுத்தாளோ அங்கேயே வைத்தாள். கண்ணாடியைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தும் அவனுக்குத் தெளிவாகத் தெரியும்படி, மெதுவாக உதட்டை அசைத்தாள்.

"நான் குடுக்கலடா."