திரும்பி வரும் தேதி

எக்ஸ்ரே உறை கொஞ்சம் தடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். வேறு வீடாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். நான் இருபத்தாறு வருடமாக ஒரு பணிமனையில் ஸ்டோர் கீப்பர். டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தே பத்து வாஷர் குறைகிறது என்று சொல்லிவிடுவேன். என் பீரோ மேல் கிடக்கும் என் கணவரின் பழைய எக்ஸ்ரே திடீரென்று சதை போட்டால் எனக்குத் தெரியாமல் போகுமா?

உள்ளே ஓர் ஆஸ்பத்திரிப் படிவம். இறந்தபின் தானமாகத் தர விரும்பும் உறுப்புகள் என்று ஒரு பட்டியல். இதயம், ஈரல், சிறுநீரகம், கண், எல்லாவற்றுக்கும் எதிரே டிக். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அடுத்த பக்கத்தில், 'நான் பேச முடியாத நிலையில் எனக்காக முடிவெடுப்பவர்' என்ற இடத்தில் என் தம்பியின் பெயர் இருந்தது. உறவு: மைத்துனர். கீழே அவன் கையெழுத்து, போன மாதத் தேதியுடன்.

தூக்கிவாரிப் போட்டது. இந்த இரண்டு பேரும் ஒன்பது வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தம்பி என்னைப் பார்க்க வந்திருக்கும்போது இவர் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், அவன் பின்கதவு வழியாகப் போய்விடுவான். நடுவில் தூது போயே நான் அலுத்துப்போனேன். அப்படிப்பட்டவர்கள் எனக்குத் தெரியாமல் சந்தித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? இவருக்கு ஏதோ வியாதி. என்னிடம் மறைத்து அவனிடம் சொல்லியிருக்கிறார். அதுவும் இல்லையென்றால் வேறு ஏதோ. அந்த வேறு என்னவென்றுதான் பிடிபடவில்லை.

படிவத்தை இருந்தபடியே வைத்துவிட்டு நோட்டம் பார்த்தேன். பள்ளி வேன் ஓட்டுகிற என் கணவர் சாயங்காலம் வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"போன மாசம் லைசென்ஸுக்கு செக்கப் போனீங்களே, டாக்டர் என்ன சொன்னார்?"

"நல்லா இருக்கேன்னார். டீ இன்னிக்கு பிரமாதம்."

முப்பது வருடத்தில் என் டீயை அவர் பாராட்டியதே இல்லை. சந்தேகம் உறுதியாகிவிட்டது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தம்பியின் கடைக்குப் போனேன். அவன் கண்ணாடி வெட்டுகிறவன். மேஜையில் விரித்த கம்பளி மேல் பெரிய கண்ணாடி ஒன்றைக் கிடத்தி, அளவுகோலை ஒட்டிக் கட்டரை இழுத்துக்கொண்டிருந்தான்.

"வாக்கா. என்ன இந்த நேரத்துல?"

"எக்ஸ்ரே உறைக்குள்ள ஒரு பேப்பர் பாத்தேன்."

கட்டர் விலகியது. கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டு இரண்டாகப் பிளந்தது. அவன் கை தவறி நான் பார்த்ததே இல்லை.

"அவருக்கு என்னடா வியாதி? மறைச்சே, தொலைச்சுடுவேன்."

"ஒரு வியாதியும் இல்லக்கா. கல்லு மாதிரி இருக்கார். செக்கப் போன எடத்துல ஒரு நர்ஸம்மா இதையெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்காங்க, நல்லா இருக்கும்போதே எழுதி வைங்கன்னு. அன்னிக்கே நேரா இங்க வந்துட்டார்."

"இங்க எதுக்கு? உன்னைக் கண்டாலே ஆகாதே அவருக்கு."

அவன் உடைந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். "அப்பா விஷயம்தான்" என்றான்.

ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் அப்பா வென்டிலேட்டரில் கிடந்தார். இனிப் பயனில்லை என்று டாக்டர்கள் மூன்றாம் நாளே சொல்லிவிட்டார்கள். விட்டுவிடலாம் என்றான் தம்பி. முடியாது என்றேன் நான். பத்தொன்பது நாள் அதையே சொன்னேன். என் பக்கம் நின்ற என் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் இவனைக் கொலைகாரன் என்றார். அப்பா போன பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. என் கண்ணை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அப்பா சொல்லி வைத்திருந்தது மறுநாள்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. கண்ணைச் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டுமாம்; அதற்குள் நேரம் கடந்திருந்தது.

"மாமா என்ன சொன்னார் தெரியுமா? 'உங்க அக்கா ஸ்டோர் கீப்பர். உள்ள வந்தத வெளிய விடமாட்டா. என்னையும் பத்தொன்பது நாள் வச்சிருப்பா. நீதான் என் மேல கோவமா இருக்க, உனக்குக் கை நடுங்காது. அன்னிக்கு எதுக்கு உன்னைத் திட்டினேனோ, அதையே எனக்குப் பண்ணு'ன்னார்."

எனக்கு முகம் எரிந்தது. "நீயும் உடனே கையெழுத்துப் போட்டுட்ட."

"போட்டேன். ஆனா என்னால முடியாதுக்கா. ஒம்பது வருஷக் கோவம். ஒரு பேப்பர நீட்டி அதைக் கெடுத்துட்டார் மனுஷன். பாரு என் கை லட்சணத்த." உடைந்த கண்ணாடியைக் காட்டினான். "அந்தப் பொறுப்ப நீயே வாங்கிக்கயேன்."

வீட்டுக்கு நடந்து வந்தேன். வியாதி இல்லை, சதி இல்லை. நான் பட்ட சந்தேகமெல்லாம் வீண். அவர்தான் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார், அதுவும் சரியாக. அதுதான் தாங்கவில்லை. அவர் ஒரு நாள் அப்படிக் கிடந்தால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது என்றுதான் வாயில் வந்தது.

சாயங்காலம் டீயோடு படிவத்தையும் அவர் முன்னால் வைத்தேன்.

"டீ இன்னிக்கும் பிரமாதமா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "உன்கிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன். கேட்டா அழுவே."

"அழுவேன். அழுதுகிட்டே குடுப்பேன். ஸ்டோர்ல எழுதிக் கேட்டா யாருக்காவது இல்லன்னு சொல்லியிருக்கேனா? வாயால கேட்டாதான் குடுக்க மாட்டேன்."

கைப்பையிலிருந்து ஸ்டோர் தாள் ஒன்றை எடுத்து வைத்தேன். கருவி வாங்குகிறவர்கள் எழுதித் தருவது. பொருள், எண்ணிக்கை, யாருக்கு, எப்போது, திரும்பி வரும் தேதி. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். இதயம், ஒன்று. ஈரல், ஒன்று. சிறுநீரகம், இரண்டு. கண், இரண்டு. யாருக்கு என்ற இடத்தில், தேவைப்படுகிறவருக்கு. எப்போது என்ற இடத்தில், இனிப் பயனில்லை என்று டாக்டர் சொன்னதும்.

"உடனேவா?" என்றேன். "ஒரு நாள் குடுங்க."

'சொன்னதும்' என்பதை அடித்து 'சொன்ன மறுநாள்' என்று எழுதினார். "ஒரு நாள். பத்தொன்பது இல்ல."

"சரி. நாளைக்குப் புதுப் படிவம் வாங்கிட்டு வாங்க. மொதப் பேரு என்னுது. ரெண்டாவதா அவன் இருக்கட்டும். ரெண்டு பேரும் இங்க உக்காந்து எழுதணும். எவனும் பின்கதவு வழியாப் போகக் கூடாது."

தலையாட்டிவிட்டு மறுபடி தாளைப் பார்த்தார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"இதுல என்ன எழுதறது?"

திரும்பி வரும் தேதி. இருபத்தாறு வருடத்தில், அந்தக் கட்டம் நிரம்பாமல் ஒரு ஸ்குரூடிரைவர்கூட என் கதவைத் தாண்டியதில்லை. பேனாவை வாங்கி அதில் நானே ஒரு கோடு போட்டேன். கோணலாகத்தான் வந்தது.