ஒற்றைப் பையோடு ஓடியவள்

எங்கள் வீட்டு ஆட்கள் பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் வீட்டையே காலி செய்கிற மாதிரிதான் கிளம்புவார்கள். ஒரு குடை வேண்டும், அது கிழிந்துபோனால் பிடிக்க இன்னொரு குடை வேண்டும். பல் வலித்தால் போட ஒரு மாத்திரை, வலிக்காவிட்டாலும் இருக்கட்டும் என்று ஒரு மாத்திரை. இந்தப் படைக்குத் தளபதி என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. தன் பெட்டி நிரம்பிவிட்டால் அடுத்தவர் பெட்டியைத் திறந்து திணித்துவிடுவார். கேட்டால், "இடம் சும்மாத்தானே கெடக்கு" என்பார்.

நான் பார்சல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஊரார் மூட்டையைத் தூக்கித் தராசில் வைப்பதுதான் பிழைப்பு. லீவு போட்டுவிட்டும் மூட்டை தூக்கு என்றால் கோபம் வராதா? அதனால் இந்தத் தடவை ஒரு முடிவோடு இருந்தேன். என் மகள் பள்ளிக்கூடத்துக்கு மாட்டிக்கொண்டு போன பழைய முதுகுப் பையைத் தூசி தட்டி எடுத்தேன். மாற்று உடை ஒன்று, இரவில் போட ஒன்று, மெல்லிய துண்டு, பல் துலக்க பிரஷ், ரத்த அழுத்த மாத்திரை, போன் சார்ஜர். ராத்திரி அலசிப்போட்டால் காலையில் காயாத துணி எதற்கும் உள்ளே இடமில்லை. ஜிப் ஒரு முனகல்கூட இல்லாமல் மூடியது.

மகளை நாங்கள் கூப்பிடுவது வாலு என்று. சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் இப்போது ரயில் ஓட்டுநர். பயிற்சியெல்லாம் முடிந்து, பக்கத்தில் யாரும் உட்காராமல் தனியாக ஓட்டப்போகும் முதல் வண்டி நாங்கள் கிளம்பிய அன்றைக்குத்தான். அந்த வண்டியில் நான் போக வேண்டும். மறுநாளும் ஓட்டுவாள்தான், ஆனால் முதல் வண்டி மறுநாள் வராது.

"தாராளமா வாம்மா," என்று போனில் சொன்னாள். "ஆனா உனக்காகன்னு ஒரு நொடிகூட நிக்க மாட்டேன்."

"நிக்கச் சொல்லி உன்கிட்ட யாருடி கேட்டா?" என்றேன்.

விடிந்ததும் கிளம்பும் ரயிலைப் பிடித்திருந்தால் கவலையே இல்லை. ஆனால் வாடகைக் காரின் டிக்கி மூட மாட்டேன் என்றது. டிரைவர் அழுத்தினார், என் வீட்டுக்காரர் அழுத்தினார், நாத்தனார் அதன்மேல் ஏறி உட்கார்ந்தே பார்த்தார். ஒருவழியாக மூடி, நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் கிளம்பிவிட்டிருந்தது. அடுத்ததில் போனால் ஜங்ஷனில் இறங்கி வாலுவின் வண்டிக்கு மாற ஐந்தே நிமிடம்தான் இருக்கும்.

"அஞ்சு நிமிஷம் தாராளம்," என்றார் நாத்தனார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்று ரயில் தடம் புரண்டிருக்கும்.

ஜங்ஷனில் இறங்கினால், லிஃப்ட் வாசலில் பழுது என்று அட்டை தொங்கியது. நடைமேம்பாலத்தின் படிகள் எதிரே நிமிர்ந்து நின்றன. மறுபக்கம் கடைசி நடைமேடையில் வாலுவின் வண்டி விளக்கெரிய நின்றிருந்தது. பையை எடுத்து மாட்டினேன். அது என்னைப் பின்னால் இழுத்தது. தராசு தேவையில்லை, காலையில் நான் மூடிய பை இது இல்லை என்று தோள் சொல்லிவிட்டது. திறந்து பார்த்தேன். என் துண்டில் பத்திரமாகச் சுற்றி, ஓர் இஸ்திரிப் பெட்டி. நான் ரயிலில் முகம் கழுவப் போன நேரத்தில் வேலை நடந்திருக்கிறது.

"அண்ணி, என்ன இது?"

"இடம் இருந்துச்சு," என்றார். பிறகு குரல் இறங்கியது. "முத முதல்ல ஓட்டப் போறா. புள்ளையோட சட்டையைத் தேச்சுக் குடுக்கலாம்னு நெனச்சேன்."

அதற்குமேல் அவர்மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. இஸ்திரிப் பெட்டியை அவர் கையிலேயே கொடுத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு கையிலும் பெட்டிகளோடு படிகளை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ ஓடு. நாங்க அடுத்த வண்டில வர்றோம்," என்றார். "எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா."

ஓடினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஓடியதே இல்லை, ஓடுவதற்குக் கை காலியாக இருந்ததே இல்லை. படி ஏறும்போது பை முதுகில் இருப்பதே தெரியவில்லை. சக்கரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மூச்சிரைத்தவர்களை எல்லாம் தாண்டினேன். கீழே இறங்கியபோது கதவு மூடுவதற்கான மணி அடிக்கத் தொடங்கியது. ஓட்டுநருக்கு அடுத்த பெட்டி என் குறி. முதல் கதவில் காலை வைத்தேன், முதுகுப் பையை உரசாத குறையாகக் கதவு மூடியது. வண்டி நகர்ந்தது.

முன்பக்கம் ஒரு மூடிய கதவு. அதற்கு அந்தப் பக்கம் என் மகள். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை, எண்ணெய் போட்ட மாதிரி வண்டி போனது. எதிரே உட்கார்ந்திருந்தவர் பேப்பரை மடித்துக்கொண்டு தூங்கியே போனார். வாலு ஓட்டுகிற வண்டியில் ஒரு மனிதன் நிம்மதியாகத் தூங்குகிறான். அவரை எழுப்பி, ஓட்டுவது என் மகள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை, அழுதேன். சந்தோஷத்தில் அழ எனக்கு வெட்கமில்லை.

கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அந்தக் கதவு திறந்தது. சீருடையில் வந்தாள். சட்டை முழங்கைப் பக்கம் கசங்கித்தான் இருந்தது, நாத்தனார் நினைத்தது சரி. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ எப்பம்மா ஏறுன?"

"ஜங்ஷன்ல. நீ கதவை மூடுறப்ப."

"அது நீயா? யாரோ ஓடி வர்றது கண்ணாடில தெரிஞ்சுது. அம்மாவா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன்." என் முதுகை எட்டிப் பார்த்தாள். "அப்புறம் பாத்தா கையில ஒரு பெட்டிகூட இல்ல. நீயா இருக்காதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"நான்தான்னு தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பியா?"

கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்," என்றாள்.

"அப்படித்தான் இருக்கணும்," என்றேன். இரண்டு கையாலும் அவளைக் கட்டிக்கொண்டேன்.