இருபத்தெட்டாம் நாள்

"தூரமாயிட்டியா?"

குளியலறைக் கதவைத் திறந்தவளிடம் மாமியார் இதைத்தான் கேட்டாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறவள். இல்லை என்று சொல்லிவிடலாமா என்று மருமகள் யோசிப்பதற்குள் பாயும் தனித்தட்டும் பால்கனிக்குப் போய்விட்டன.

ஆறாவது மாடியில் ஒற்றை அறை வீடு. ஒதுங்கி உட்கார ஓர் இடமில்லையே என்று இரண்டு மாதத்துக்கு முன் ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய அன்றே மாமியார் குறைப்பட்டாள். மறுநாள் பால்கனியைக் கண்டுபிடித்தாள். துணி துவைக்கும் இயந்திரம் போக மிச்சமிருந்த இடத்தில் ஓர் ஆள் முழங்காலை மடக்கிப் படுக்கலாம். கண்ணாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம். அது பூட்டுவதற்கு இல்லை, குளிர்காற்றுக்கு என்று சொல்லிவைத்திருந்தாள்.

"அத்தை, இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க. பத்து மணிக்குப் பரீட்சை."

"புஸ்தகம்னா சரஸ்வதி. மூணு நாள் தொடக் கூடாது. உங்க வீட்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

அம்மா வீட்டை இழுத்தால் அவளுக்கு வாய் அடைத்துப்போகும். கால்கள் பழக்கதோஷத்தில் பால்கனிக்குப் போய்விட்டன. பின்னால் தாழ் விழுந்த பிறகுதான் செய்த முட்டாள்தனம் உறைத்தது. கல்லூரி அடையாள அட்டையும் கால்குலேட்டரும் இருந்த பை உள்ளே, சாமி படங்களுக்குக் கீழே இருந்தது.

கையில் கைப்பேசி மட்டும் இருந்தது. அதற்குத் தீட்டு கிடையாது. ஊரிலிருந்து நாத்தனார் தினமும் மாமியாருக்கு அதில்தான் முகம் காட்டுவாள்.

மணி எட்டு ஐம்பது.

இந்த நாளை அவள் விரல்விட்டு எண்ணித்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். கட்டடப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. ஆளுக்கு மூன்று கான்கிரீட் கட்டிகள் வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, சரியாக இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் வைத்து உடைக்க வேண்டும். எவ்வளவு பாரம் தாங்கியது என்பதுதான் மதிப்பெண். ஒருநாள் முந்தினாலும் பிந்தினாலும் கணக்கில் வராது. வார்த்த நாளிலிருந்து எண்ணினால் அவளுடைய மூன்று நாளும் இருபத்துநான்காம் நாளுக்குள் முடிந்துவிடும். நான்கு நாள் இடைவெளி விட்டிருந்தாள்.

நடுவில் மாமனாரின் திதி வந்தது. சமைக்க ஆள் வேண்டும். மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை ஒரு வாரம் தன் கையாலேயே கொடுத்து, விழுங்கினாளா என்று வாயையும் பார்த்தாள். திதி குறையில்லாமல் நடந்தது. தள்ளிப்போனது இன்று வந்து நின்றது. கான்கிரீட்டைத் தள்ளிப்போட மாத்திரை இல்லை.

போன இரண்டு மாதமும் மூன்று மூன்று நாளாக ஆறு நாள் வகுப்பு போயிருந்தது. இன்னும் ஒரு நாள் போனால் வருகைப் பதிவு போதாது. கல்லூரி அவள் பெயரை அடித்துவிட்டுக் குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதிவிடும். அவளுடைய விசா போனால் புருஷனுடையதும் போகும். அவனுடைய தாளில் 'மாணவியின் கணவர்' என்றுதான் இருந்தது.

புருஷன் பார்சல் கிடங்கில் இருந்தான். அழைத்துச் சொன்னாள். டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கலாமே என்றான். முன்பே இரண்டு கொடுத்தாயிற்று, மூன்றாவதை வாங்க மாட்டார்கள் என்றாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். வேலை நேரம், அப்புறம் பார்க்கலாம் என்றான்.

"அப்ப நானே உண்மையைச் சொல்லிடறேங்க."

"என் மானத்தை வாங்காத. அம்மாகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கேன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். கம்பெனிக்காரன் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டான், பெண்டாட்டியையும் கூட்டி வந்தேன், பொழுது போகப் படிக்கவைக்கிறேன் என்று சொல்லிவைத்திருந்தான். உண்மையில் மொழித் தேர்வு எழுதியது அவள். இடம் கிடைத்ததும் அவளுக்கு. கல்லூரிக் கடிதம் வந்த மாதமே பெண் பார்க்க வந்தார்கள். வரதட்சணையே வேண்டாம், பெண்ணோடு அந்தக் கடிதம் வந்தால் போதும் என்று மாப்பிள்ளை சொன்னான். சொந்தபந்தமெல்லாம் மெச்சியது.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். அந்தப் பக்கம் மாமியார் ஜபமாலையோடு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது தட்டுக்குத் திரும்பினாள். மருமகள் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடியைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்று கத்திச் சொல்லவேண்டியிருந்தது. யார் விசாவில் யார் இருக்கிறார்கள், இன்று போகாவிட்டால் யார் யார் மூட்டை கட்ட வேண்டும், எல்லாம்.

மாமியார் சிரித்தாள்.

"கல்லு உடைக்க ஒரு படிப்பு. ஊர்ல அதைக் கூலிக்குப் பண்றாங்க. நீ கல்லு உடைக்கலன்னா எம்புள்ளைக்கு வேலை போயிடுமாக்கும்?"

இருந்தாலும் மகனை அழைத்தாள். மருமகளும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி, தன் பட்டன் கைப்பேசியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"அவ படிப்புக்கும் என் விசாவுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றது அவன் குரல். "பரீட்சை பயத்துல ஏதோ உளர்றா. விடு."

மணி ஒன்பது பத்து. இரண்டு பேருந்து மாற வேண்டும்.

அவள் பாயில் உட்கார்ந்தாள். ஆறு மாடிக்குக் கீழே ஒருவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டு என்ன சொல்வது? எந்த மொழியில் சொன்னாலும் இதைப் புரியவைக்க முடியாது. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்வையை வலுக்கட்டாயமாகத் திருப்பிக்கொண்டாள்.

தாழ் நகரும் சத்தம் கேட்டது. பட்டினி போட்டேன் என்ற பேச்சு வரக் கூடாது என்பதில் மாமியார் கறார். ஒரு சாண் கதவைத் திறந்து, டீ டம்ளரைத் தரையில் வைத்து, விரல் நுனியால் தள்ளினாள்.

மருமகள் எழுந்து கதவைப் பிடித்தாள். திறந்தாள். உள்ளே கால் வைத்தாள்.

"நில்லுடி."

அவள் நிற்கவில்லை. மாமியார் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. விடிந்ததும் தலைக்குக் குளித்து, பூஜை முடித்த உடம்பு. தடுக்க வேண்டுமானால் தொட வேண்டும். மருமகள் ஓர் அடி வைத்தாள், மாமியார் ஓர் அடி பின்வாங்கினாள். இன்னோர் அடி. சுவர் வந்துவிட்டது. மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நடுவில் ஓர் ஆள் போகத் தாராளமாக வழி இருந்தது.

இரண்டு மாதமாக இந்த வழி இருந்திருக்கிறது.

அவள் சாமி படங்களுக்குக் கீழே கை விட்டுப் பையை எடுத்தாள்.

"சாமி பாத்துக்கிட்டிருக்குடி."

"பாக்கட்டும் அத்தை."

அவள் ஆய்வகத்துக்குள் போனபோது பத்து அடித்து நான்கு நிமிடம் ஆகியிருந்தது. தாமதம் என்று உதவியாளர் முனகினார், ஆனால் அட்டையை வாங்கிப் பதிந்துகொண்டார். கட்டிகளை அவளே தொட்டியிலிருந்து தூக்கினாள். ஒவ்வொன்றும் எட்டு கிலோ. மூன்றாவதைத் தூக்கும்போது கண் இருட்டியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது அலகு பாரம் தாங்கினால் போதும் என்ற கான்கிரீட், இயந்திரத்தில் முப்பத்து மூன்று தாங்கியது. நல்ல வார்ப்பு என்று உதவியாளர் எழுதிக்கொடுத்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். கைப்பேசியில் புருஷனின் செய்தி இருந்தது.

'அம்மா வீட்டைக் கழுவிட்டிருக்காங்க. ஒரே அழுகை. மூணு நாள் யாராவது பிரெண்டு வீட்ல இருந்துக்க.'

இந்த ஊரில் அவளுக்கு அப்படி யாரும் இல்லை. அது அவனுக்கும் தெரியும். பதில் தட்டினாள்.

'வீட்டுக்குத்தான் வருவேன். உள்ள வந்து கட்டில்ல படுப்பேன். வேண்டாம்னா உங்க ரெண்டு பேர்ல யாராவது என்னைத் தொட்டுத் தடுங்க.'

அவன் படித்துவிட்டான் என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

'அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். அட்டென்டன்ஸ் போட்டாங்களா?'

அவள் கைப்பேசியை அணைத்தாள்.