கழற்றி மாட்டும் பெட்டி

விடியலில் சுபஹ் தொழுத கையோடு மீராசா ஓட்டோவிலிருந்து மூன்று பற்றரிப் பெட்டிகளையும் கழற்றிக் கல்முனைக் கடைக்குள் தூக்கிப் போனான். கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது, இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. தீர்ந்ததைக் கொடுத்துச் சார்ஜ் ஏறியதை மாட்டிக்கொண்டு ஓடுவதுதான் தினமும் பிழைப்பு.

பெற்றோல் வரிசையில் வெந்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய ஓட்டோ. வண்டி அவனுடையது, பெட்டியோ கொம்பனியுடையது. வேறு எவன் பெட்டியும் அதில் வேலை செய்யாது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

முந்தாநாள் நாவிதன்வெளியிலிருந்து பிரசவ வலியோடு விதுஷா என்ற பெண்ணைக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்தான். வழியில் கொம்பனி போனில் அனுப்பிய மூன்று ஹயர் சவாரிகளை மறுத்தான். வெள்ளம் பாயும் கிட்டங்கித் தாம்போதிப் பாலத்தின் நட்ட நடுவில் ஓட்டோ நின்றது. சவாரியை மறுத்ததற்காகக் கொம்பனி எங்கோ இருந்தபடி பெட்டியை ஒரு மணிநேரம் பூட்டிவிட்டது. தண்ணீருக்குள் அவன் தள்ளிக் கரைசேர்த்தான். தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை.

கடை முதலாளி அப்துல் ஸமட் ஹாஜியார் இன்று அவனுக்குப் பெட்டி கொடுக்கவில்லை.

"உன்ட பேரக் கொம்பனி வெட்டிட்டு. ஊரெல்லாம் கதைச்சுத் திரியிறாயாம்."

"பிள்ள மவுத்தானதக் கதைக்காம வேற என்னத்தக் கதைக்கிற, ஹாஜியார்?"

"நானா பூட்டின? மெஷின் பூட்டின."

"மெஷினுக்குச் சொல்லிக் குடுத்த மனிசன் இரிக்கான்தானே?"

ஹாஜியார் சிரித்தார். "பெட்டியக் கழட்டி மாட்டுற மாதிரித்தான் ஆளும். நீ இல்லாட்டி இன்னொருத்தன்."

மூன்று பெட்டிகளை எடுத்து நிப்றாஸின் முன்னால் வைத்தார். ஒரு மாதமாகப் பெட்டி கேட்டு அலைகிறவன் அவன். லீசிங் கடனில் எடுத்த ஓட்டோ வீட்டு முற்றத்தில் உப்புக்காற்றில் கறள் பிடிக்கிறது. மீராசாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வயிறு யாரைத்தான் விட்டது?

நிப்றாஸ் பெட்டிகளை ஹாஜியாரின் பக்கமே தள்ளினான்.

"எனக்கு வேணாம், ஹாஜியார்."

"பைத்தியமாடா உனக்கு?"

"நாளைக்கு என்னையும் கழட்டுவீங்க."

பாண்டிருப்பு ஓட்டோக்காரன் கிசோக் அப்போதுதான் மாட்டிய பெட்டிகளைக் கழற்றி வந்து சீமெந்துத் தரையில் வைத்தான். "நடுரோட்டில பூட்டுறத நிப்பாட்டுங்க. மீராசா அண்ணன்ட பேரத் திரும்பப் போடுங்க. அதுவரைக்கும் எங்களுக்கும் பெட்டி வேணாம்."

பின்னால் வரிசையில் நின்ற ஓட்டோக்காரர்களும் ஒவ்வொருவராய்க் கொண்டுவந்து வைத்தார்கள். கொம்பனியிலிருந்து ஹாஜியாரின் போன் அடித்தது. அதை எடுக்காமல் அவர் தரையில் சேர்ந்த பெட்டிகளை எண்ணத் தொடங்கினார்.

மீராசாவோடு சேர்த்துப் பதினேழு பேர் வாசலில் குந்தினார்கள். இன்று பதினேழு வீட்டிலும் உலை கொதிப்பது சந்தேகம். நிப்றாஸ் மீராசாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தான். இரண்டு நாளாக வராத அழுகை மீராசாவுக்கு அப்போதுதான் வந்தது.