குன்றின் பெயரில் எழுதிய வயல்

அன்று எங்கள் முற்றத்து மரத்தடியில் இருந்தவர்கள்: நான், என் தம்பி ஹமாவே, கணவன் இறந்து வீடு திரும்பிய எங்கள் தங்கை லுயாண்டோ, எங்களைக் கேலி செய்ய உரிமையுள்ள பக்கத்துக் குடியின் சியாமுண்டு, பயிர்க் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய முலேங்கா. வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள்.

"பாதிப் பணம் அரசாங்கம் கட்டுது. மீதி நீங்க," என்றான் முலேங்கா. "வயல் வயலா வந்து பாக்க மாட்டோம். வானத்துலேர்ந்து ஊர் ஊரா மழைய அளப்பாங்க. ஊர்ல மழை குறைஞ்சா காசு."

"என் வயல்ல பெஞ்சு இவங்க வயல்ல பெய்யலன்னா?" சியாமுண்டு கேட்டான்.

"ஒரே ஊருன்னா ஒரே கணக்குதான்யா."

"அப்ப கல்யாணம் மாதிரின்னு சொல்லு! ஒருத்தர் தின்னா ரெண்டு பேருக்கும் வயிறு நெறஞ்ச கணக்கு!"

லுயாண்டோ சிரிக்கவில்லை. வருடந்தோறும் அவள் பாதி வயலில் சோளம் விதைப்பாள். சோளத்துக்கு நல்ல விலை கிடையாது. ஆனால் வறட்சியில் நிற்கும். மீதியில்தான் மக்காச்சோளம்.

"இந்த வருசம் சோளம் வேணாம்ணே. முழுசும் மக்காச்சோளமே போடுறேன். காஞ்சாலும் காசு வருமில்ல?"

"வரலன்னா ஒன் எருதுங்கதான் லாரி ஏறும்," என்றான் ஹமாவே. அந்த ஜோடியைத் தவிர அவளுக்கு வேறு சொத்து இல்லை.

"வயல் எந்த ஊர்ல இருக்குக்கா?" முலேங்கா பேனாவைத் திறந்தான்.

வயல் ஆற்றுக்கு அக்கரையில், இறந்த கணவனின் உறவினர் நிலத்தில் இருந்தது. எங்கள் ஊர் இருக்கும் குன்றுச் சரிவு வெறும் கல். அதனால்தான் அங்கே உழுதாள். ஆனால் அன்னியன் ஒருவன் முன்னால், அதுவும் சியாமுண்டு கேட்க, அதைச் சொன்னால் அண்ணன்மார் நிலம் கொடுக்கவில்லை என்றாகும். லுயாண்டோ என்னைப் பார்த்தாள். நான் முலேங்காவின் பேனாவைப் பார்த்தேன்.

"சிகாண்டா குன்று. எழுதிக்கோ தம்பி," என்றாள்.

"குன்றுலயா? அங்க ஆடே சறுக்கி விழுமே!" என்றான் சியாமுண்டு.

முலேங்கா எழுதிக்கொண்டான்.

குன்றில் எங்கள் முன்னோரின் மழைக்கோயில் இருக்கிறது. எங்கள் மழைக்காலத்தின் நடுவில், அந்த ஜனவரியிலும் மழை அங்கே வந்தது. ஆற்றைத் தாண்டவில்லை. அக்கரையில் கதிர் பிடிக்கும் முன்பே பயிர் கருகியது. அக்கரை ஊர்க்காரர்களுக்குப் பணம் வந்தது. நானும் லுயாண்டோவும் முலேங்காவைப் பார்க்கப் போனோம்.

"ஒங்க ஊர்ல நல்ல மழைதானேக்கா."

"என் பயிர் காஞ்சு போச்சே தம்பி."

"குன்றுலயா காஞ்சுது? வயல் வேற எங்கயாச்சும்னா இப்பவே சொல்லுங்க. ஊர்த் தலைவர் முன்னால ஒரு வார்த்த சொன்னா போதும், மாத்தி எழுத மேல கேட்டுப் பாக்குறேன்."

வாசலில் சியாமுண்டு நின்றிருந்தான். லுயாண்டோ என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியே குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குன்றுலதான்," என்றாள்.

எருதுகளை வாங்கியவனின் லாரி வந்த அன்று நுகத்தடியை அவளே அவிழ்த்தாள். யாரையும் தொட விடவில்லை. அடுத்த பருவத்தில் மண்வெட்டியால் கொத்தி, முடிந்த அளவு நிலத்தில் சோளம் மட்டும் விதைத்தாள்.

கம்பெனி எங்கள் தங்கையை ஏமாற்றிவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஏமாற்றவில்லை. குன்றில் மழை பெய்தது.